டெங்கு ஆய்வில் சுண்டெலி மாதிரி: கேள்வியிலிருந்து அறிக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மனிதருக்கு வரும் வைரஸ் நோய் ஒன்றை விலங்கில் ஆராய முதன்முறையாகத் திட்டமிடும் முனைவர் பட்ட மாணவருக்காகவும், அவரை வழிநடத்தும் இளம் ஆய்வாளருக்காகவும் இதை எழுதுகிறேன். டெங்குவையும் சுண்டெலியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தாலும், படிகளின் வரிசை பிற வைரஸ்களுக்கும் ஏறத்தாழ இதுவேதான். விலங்கு வந்து சேருமுன் முடித்திருக்க வேண்டிய வேலைகளை வந்த பிறகு தொடங்குவதால்தான் பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே முதல் ஏழு படிகளில் எலி எதுவும் நோயுறுவதில்லை என்பதைக் கண்டு பொறுமை இழக்க வேண்டாம்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

"டெங்குவுக்கு இந்த மருந்து வேலை செய்கிறதா?" என்பது விலங்கு ஆய்வுக்கு உரிய கேள்வியாகாது. "இந்தச் சேர்மத்தை வைரஸ் செலுத்திய மறுநாள் தொடங்கிக் கொடுத்தால், மூன்றாம் நாளில் ரத்தத்தில் உள்ள தொற்றும் திறனுள்ள வைரஸின் அளவு குறைகிறதா?" என்பதே கேள்வி. எந்த நாள், எந்த அளவீடு, எதனோடு ஒப்பீடு என்ற மூன்றும் வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் எளியது. எந்த எலி, எந்த வைரஸ், எத்தனை எலி, எப்போது ரத்தம் எடுப்பது என்பவை அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறக்கின்றன. வாக்கியம் தளர்வாக இருந்தால், கையில் கிடைத்த எலியே கேள்வியைத் தீர்மானித்துவிடும்.

2. விலங்கில் நோயின் எந்தப் பகுதி நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எந்த விலங்கும் மனித நோயை முழுமையாகக் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் அதன் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். உங்கள் கேள்விக்கு வேண்டிய பகுதி அதில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மனிதரில் டெங்குவின் பகுதிகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: கொசுக்கடி வழியாகத் தோலில் நுழைதல், ரத்தத்தில் வைரஸ் பெருகுதல், காய்ச்சல், தட்டணுக்கள் குறைதல், ரத்த நாளங்களிலிருந்து திரவம் கசிதல், கல்லீரல் பாதிப்பு, இரண்டாம் முறை வேறு வகை டெங்கு தாக்கும்போது பழைய ஆன்டிபாடிகளால் நோய் கடுமையாதல். பிறகு ஒவ்வொரு விலங்கு மாதிரிக்கும் எதிரே இவற்றில் எவை நடக்கின்றன என்று குறியுங்கள்.

சாதாரண ஆய்வக எலியில் இவற்றில் பெரும்பாலானவை நடப்பதில்லை. டெங்குவின் என்எஸ்5 புரதம் மனித உயிரணுவில் ஸ்டாட்2 என்ற புரதத்தைப் பிடித்து அழித்து, வைரஸ் நுழைந்ததை அண்டை உயிரணுக்களுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை முடக்குகிறது. எலியின் ஸ்டாட்2 புரதத்தை அதனால் அவ்வாறு செய்ய இயலாது. வைரஸின் புரதம் வெட்டும் நொதியும் மனித ஸ்டிங் புரதத்தை வெட்டுகிறது, எலியுடையதை வெட்டுவதில்லை. எனவே எலியின் இன்டர்ஃபெரான் அமைப்பு வைரஸை விரைவில் அடக்கிவிடுகிறது.

இதைத் தாண்டுவதற்காகவே ஏஜி129 எலிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-பீட்டா, காமா ஆகிய இரண்டுக்குமான ஏற்பிகள் இல்லை. ரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. டி2எஸ்10 போன்று எலிக்குப் பழக்கப்படுத்திய வைரஸைச் செலுத்தினால் நாளக் கசிவும் உண்டாகிறது. சிறிதளவு ஆன்டிபாடியை முன்கூட்டியே செலுத்தினால் நோய் கடுமையாகிறது. ஆன்டிபாடியால் நோய் கூடும் நிகழ்வை ஆராய இது நல்ல இடம். ஆனால் இன்டர்ஃபெரான் வழியாக வேலை செய்யும் மருந்தை இந்த எலியில் சோதிப்பதில் பொருளே இல்லை. தடுப்பூசி எழுப்பும் நோயெதிர்ப்பின் தன்மையையும் இதில் முழுமையாக அளக்க முடியாது.

மூளையில் வைரஸைச் செலுத்தி, பால் குடிக்கும் குட்டி எலியின் வாதத்தையும் (கால்கள் செயலிழப்பதையும்) இறப்பையும் அளக்கும் முறை இன்றும் சில ஆய்வகங்களில் தொடர்கிறது. மலிவானது, விரைவானது, எண்ணுவதற்கு எளியது. ஆனால் மனித டெங்குவில் வாதம் வழக்கமான போக்கு அன்று. ஆகவே இந்த முறையில் கிடைத்த பாதுகாப்பை டெங்குக் காய்ச்சலுக்கான பாதுகாப்பாக எழுதுவதை நான் ஏற்பதில்லை. மனித ரத்த முதலணுக்களைப் பொருத்திய எலிகளில் காய்ச்சல் போன்ற சில அறிகுறிகள் தோன்றுகின்றன. விலை அதிகம், எலிக்கு எலி வேறுபாடும் அதிகம். ரீசஸ் குரங்கில் வைரஸ் பெருகும். நோய் பெரும்பாலும் வெளிப்படாது.

பிற வைரஸ்களுக்கும் இதே கணக்குத்தான். தொடக்கக் கால கோவிட் வைரஸ் சாதாரண எலியின் ஏசிஇ2 ஏற்பியில் (வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பற்றும் புரதத்தில்) ஒட்டவில்லை. மனித ஏற்பியைப் புகுத்திய கே18 எலியில் நோய் கடுமையாக வந்தாலும், அதன் இறப்பில் மூளைத் தொற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. சிரியன் ஹாம்ஸ்டரிலோ நுரையீரல் நோய் தோன்றி, பின் குணமாகிறது. நுரையீரலைப் பற்றிய கேள்விக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொதுவான பிழை: முந்தைய ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய எலியையே காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்வது.

3. விலங்குக்கு முன் முடிக்க வேண்டிய சோதனைகள்

குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த வீரோ உயிரணுக்களில் மட்டும் வைரஸைத் தடுத்த சேர்மத்தை உடனே எலிக்குக் கொண்டுபோகக் கூடாது. மனித உயிரணு வகை ஒன்றிலாவது, நான்கு டெங்கு வகைகளிலும், உயிரணுவைக் கொல்லாத அளவில் அது வேலை செய்ய வேண்டும்.

அடுத்து, நோயற்ற எலியில் மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம், எந்த அளவில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். உயிரணுச் சோதனையில் தேவைப்பட்ட அளவை எலியின் ரத்தம் எட்டவே இல்லை என்றால், பிறகு வரும் எதிர்மறை முடிவுக்கு எந்தப் பொருளும் இராது. இந்தச் சிறு சோதனையைத் தவிர்த்து, பெரிய தொற்றுச் சோதனை முழுவதையும் வீணாக்கியவர்கள் பலர்.

4. அனுமதிகள்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், 1998ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு அடிப்படை. உங்கள் நிறுவனத்தின் விலங்கு ஆய்வுக்கூடம் சிசிஎஸ்இஏ என்ற மத்தியக் குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பழைய ஆவணங்களில் இதன் பெயர் சிபிசிஎஸ்இஏ என்று இருக்கும். எலிகளுக்கான திட்டத்தைப் படிவம் பி வழியாக நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அளிக்க வேண்டும். ஏஜி129 மரபணு மாற்றிய விலங்கு என்பதாலும், வைரஸ் கையாளப்படுவதாலும், நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். எலிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இறக்குமதி அனுமதி தனி.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அன்றி, ஒரே நேரத்தில் தொடங்குங்கள். குழு திருப்பி அனுப்பும் விண்ணப்பங்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் குறை இரண்டே: எலிகளின் எண்ணிக்கைக்குக் கணக்கு இல்லாமை, வலியைக் குறைக்கும் ஏற்பாடு தெளிவாக இல்லாமை. ஐந்தாவது, ஏழாவது படிகளை முடித்துவிட்டுப் படிவத்தை நிரப்பினால் இவ்விரண்டும் தாமே தீரும்.

டெங்கு எந்த இடர்க் குழுவில் உள்ளது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் குழு, ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்றாம் குழு. வெளிநாட்டுக் கட்டுரையின் பாதுகாப்பு முறையை அப்படியே நகலெடுக்காமல், உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் பட்டியலைப் பாருங்கள். மேலும், வைரஸ் பெருகிய ஏஜி129 எலியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு தொற்றைப் பெற முடியும். குளிர் நாட்டில் இது பெரிய கவலை அன்று; ஏடிஸ் பகலெல்லாம் பறக்கும் நம் ஊர்களில், அறையின் கொசு வலையும் இரட்டைக் கதவும் ஊசியைப் போலவே அடிப்படைத் தேவைகள்.

5. எண்ணிக்கையும் குழுப் பிரிப்பும்

"குழுவுக்கு ஆறு எலி" என்பது மரபு. அது கணக்கு ஆகாது. வைரஸ் அளவை லாக் அளவுகோலில் (1 லாக் என்றால் பத்து மடங்கு) எழுதி, எலிகளுக்கு இடையிலான திட்ட விலக்கம் 0.5 லாக் என்று முன் தரவு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1 லாக் வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்புடன், 5 சதவீதப் பிழை எல்லையில் கண்டறியக் குழுவுக்கு 6 எலி போதும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேறுபாடு 0.5 லாக் மட்டுமே என்றால் குழுவுக்கு 17 எலி வேண்டும். எதிர்பார்ப்பு பாதியாகும்போது எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காவதைக் கவனியுங்கள்.

எண்ணிக்கை முடிவானதும் குலுக்கல் முறையில் பிரியுங்கள். கூண்டிலிருந்து கைக்கு முதலில் வரும் எலிகளை ஒப்பீட்டுக் குழுவில் போடுவது குலுக்கல் ஆகாது; எளிதில் பிடிபடும் எலி பெரும்பாலும் மந்தமான எலியாக இருக்கும். ஒரு கூண்டு முழுவதும் மருந்து, மறு கூண்டு முழுவதும் வெறும் கரைசல் என்று வைத்தால், கூண்டின் விளைவையும் மருந்தின் விளைவையும் பின்னர் பிரிக்க முடியாது. இயன்றவரை ஒரே கூண்டில் இரு குழு எலிகளையும் அடையாளமிட்டு வையுங்கள். கழிவு வழியாக மருந்து பிற எலிக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் மட்டும் கூண்டுகளைப் பிரித்து, கூண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நோய் மதிப்பெண் போடுபவருக்கு எது மருந்துக் குழு என்று தெரியக் கூடாது. குறியீட்டுத் தாளை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள்.

6. வைரஸ் இருப்பைத் தயாரித்தல்

சோதனை முழுவதற்கும் போதுமான வைரஸை ஒரே தொகுதியாக வளர்த்து, சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். பிரித்து உறைய வைத்த பிறகு, அவற்றில் ஒரு குப்பியை உருக்கி அளவைக் கண்டறிய வேண்டும். உறைவதற்கு முன் அளந்த எண், நீங்கள் உண்மையில் செலுத்தப்போகும் அளவைச் சொல்லாது. உருக்கிய குப்பியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

உயிரணு வளர்ப்பில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா நுண்ணுயிருக்கான சோதனை கட்டாயம். எலிகளின் வழியாகக் கடத்தி உருவாக்கிய வைரஸ் என்றால், எலிகளுக்கே உரிய பிற வைரஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நோயெதிர்ப்பு குன்றிய எலியில் அந்தப் பிற வைரஸ்களே நோயை உண்டாக்கிவிடும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு உப்புநீரைச் செலுத்துவது பரவலான பிழை. வைரஸை சி6/36 கொசு உயிரணுக்களில் வளர்த்திருந்தால், வைரஸ் இல்லாத அதே உயிரணுக்களின் வளர்ப்புத் திரவத்தை அதே முறையில் தயாரித்துச் செலுத்த வேண்டும். கொசுப் புரதமும் ஊடகமும் உண்டாக்கும் விளைவை அப்போதுதான் கழிக்க முடியும்.

7. துன்பத்தை நிறுத்தும் எல்லையை முன்கூட்டியே வரையறுத்தல்

எலி இறக்கும்வரை காத்திருப்பது இன்று ஏற்கத்தக்க முறை அன்று. அறிவியல் நோக்கிலும் அதனால் இழப்பே மிகுதி, ஏனெனில் இரவில் இறந்து காலையில் கிடைக்கும் எலியிடமிருந்து பயன்படும் ரத்தமோ திசுவோ கிடைக்காது. உடல் எடை, முதுகு கூனல், ரோமச் சிலிர்ப்பு, அசைவுக் குறைவு, பின்னங்கால் வலுவிழப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் அட்டவணை எழுதி, எந்த மதிப்பெண்ணில் எலியை வலியின்றி முடித்துவைப்பது என்பதைக் குழுவின் ஒப்புதலோடு தீர்மானியுங்கள். தொற்று நாளின் எடையில் 20 சதவீத இழப்பு பலரும் பின்பற்றும் எல்லை.

அந்த எல்லை மட்டும் போதாது. நாளக் கசிவு உண்டாகும் கடும் மாதிரியில், எடை 20 சதவீதம் குறைவதற்குள் எலி சில மணி நேரத்தில் சரிந்துவிடும். நோய் முற்றும் நாட்களில் இரவு உட்பட நாளுக்கு மூன்று முறையாவது பார்க்க ஆள் வேண்டும். அந்த நாட்கள் ஞாயிற்றுக்கிழமையிலோ பொங்கல் விடுமுறையிலோ விழாதபடி தொற்று நாளைத் தேர்ந்தெடுங்கள்.

வாதத்தைத் தனிப் பத்தியில் குறிக்கவும். சில வைரஸ்கள் ஏஜி129 எலியில் நரம்பு மண்டலத்தைத் தாக்கிப் பின்னங்கால் வாதத்தில் முடிகின்றன. நாளக் கசிவால் முடிந்த எலியையும் வாதத்தால் முடிந்த எலியையும் ஒரே உயிர்வாழ்வு வரைபடத்தில் சேர்த்தால், இரண்டு நோய்களைக் கலந்து ஒன்றாக்கியவர் ஆவீர்கள்.

8. முன்னோட்டச் சோதனை

ஒரே எலி வம்சமும் ஒரே வைரஸும் இருந்தாலும் வேறொரு கூடத்தில் நோயின் வேகம் மாறும். எலியின் வயது, பாலினம், வைரஸ் வளர்ந்த உயிரணு, செலுத்தும் வழி எல்லாம் அதைப் பாதிக்கும். எனவே மருந்து எதுவும் இன்றி, மூன்று வைரஸ் அளவுகளில், சிறு குழுக்களில் நோயின் போக்கை மட்டும் பதிவு செய்யுங்கள். ஏஜி129 எலியில் ரத்த வைரஸ் அளவு பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி உச்சம் அடைகிறது. உங்கள் கூடத்தில் அது எந்த நாள் என்பதை உங்கள் தரவே சொல்ல வேண்டும்.

எல்லா எலியும் மிக விரைவாகச் சரியும் அளவைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை அடக்குங்கள். அவ்வளவு கடுமையான தொற்றில், ஓரளவு பலன் தரும் மருந்தும் பலனற்றதாகவே தெரியும்.

9. தொற்று நாளும் ரத்தம் எடுத்தலும்

வைரஸைச் செலுத்தி முடித்ததும், பனிக்கட்டியில் மீந்திருக்கும் அதே குப்பியை அன்றே பிளேக் சோதனைக்கு (தொற்றும் திறனுள்ள வைரஸை எண்ணும் சோதனைக்கு) எடுத்துச் செல்லுங்கள். பல எலிகளுக்கு ஊசி போடும் நேரத்தில் வைரஸ் எவ்வளவு குறைந்தது என்பதை அறிய வேறு வழி இல்லை. கடைசியில் ஊசி பெற்ற எலிகள் எல்லாம் ஒரே குழுவாக அமைந்துவிடாமல், குழுக்களை மாற்றி மாற்றிச் செலுத்துங்கள்.

ரத்தத்தின் அளவில்தான் புதியவர்கள் திட்டம் உடைகிறது. 20 கிராம் எலியின் உடலில் மொத்தம் ஏறத்தாழ 1.5 மில்லிலிட்டர் ரத்தமே உள்ளது. ஒரு முறைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.15 மில்லிலிட்டர்தான் எடுக்கலாம். அதன்பின் எலி தேற வாரக் கணக்கில் நேரம் வேண்டும். பிளேக் சோதனை, ஆர்டி-பிசிஆர், என்எஸ்1 எலிசா (வைரஸின் என்எஸ்1 புரதத்தை அளக்கும் சோதனை), தட்டணு எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள் அனைத்தையும் நாள்தோறும் ஒரே எலியிலிருந்து எடுப்பதாக எழுதிய திட்டங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவ்வாறு எடுத்தால் ரத்த இழப்பே ஹெமாடோகிரிட்டைக் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக்) குறைத்து, திரவக் கசிவினால் அது கூடவேண்டிய மாற்றத்தை மறைத்துவிடும். எலிகளைத் துணைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு நாள் என்று முறை வையுங்கள். முதன்மை அளவீட்டுக்கான ரத்தத்தை முதலில் ஒதுக்குங்கள். ஒப்பீட்டுக் குழு எலிகளிடமிருந்தும் அதே நாளில் அதே அளவு எடுக்க வேண்டும்.

10. அளவீடுகளில் கவனிக்க வேண்டியவை

ஆர்டி-பிசிஆர் வைரஸின் மரபுப்பொருளை எண்ணுகிறது. பிளேக் சோதனை தொற்றும் திறனுள்ள வைரஸை எண்ணுகிறது. முதல் எண் இரண்டாவதைவிடப் பல மடங்கு பெரிதாகவே இருக்கும். மருந்துக்குப் பின் ஒன்று குறைந்து மற்றது குறையாமல் இருந்தால் அதுவும் செய்திதான், இரண்டையும் வெளியிடுங்கள்.

எலியின் தட்டணுக்கள் மனிதருடையவற்றைவிடச் சிறியவை, எண்ணிக்கையிலோ மிக அதிகம்: மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சத்தை ஒட்டி இருக்கும். மருத்துவமனைக் கருவியை எலிக்கென அமைப்பு மாற்றாமல் பயன்படுத்தினால் எண் தவறும். ரத்தம் மெதுவாகச் சொட்டி, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ கலந்த குழாயில் உடனே கலக்கப்படாவிட்டால் தட்டணுக்கள் கட்டியாகச் சேர்ந்து, நோயே இல்லாத எலியிலும் எண்ணிக்கை சரிந்ததாகக் காட்டும். எண்ணிக்கை குறைந்த ஒவ்வொரு மாதிரியையும் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்காமல் எழுதாதீர்கள்.

11. முடிவைப் படித்தலும் எழுதுதலும்

முடிவைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, மருந்தை எப்போது தொடங்கினோம் என்பதே. மனிதர் காய்ச்சல் வந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார். அப்போது அவர் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் அல்லது அதற்கு அருகில் இருக்கும். தொற்றோடு தொடங்கிய மருந்து எலியைக் காப்பாற்றினால், அது தடுப்பு மருந்துக்கான சான்று மட்டுமே.

டெங்குவுக்காகச் சோதிக்கப்பட்ட செல்கோசிவிர் என்ற மருந்து இதற்கு நல்ல பாடம். ஏஜி129 எலிகளில் அது பாதுகாப்பு அளித்தது. சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான மருத்துவச் சோதனையிலோ வைரஸ் அளவையும் காய்ச்சலையும் அது குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. தொடங்கும் நேரத்தையும் வேளைகளையும் மாற்றி எலியில் பின்னர் செய்த ஆய்வு, பலன் அவ்விரண்டோடும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்தது என்பதைக் காட்டியது. 2021இல் வெளியான ஜேஎன்ஜே-ஏ07 சேர்மத்தின் ஆய்வில், வைரஸ் உச்சம் அடைந்த பிறகு தொடங்கும் குழுவையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் குழுவிலும் வைரஸ் விரைவாகக் குறைந்தது. உங்கள் திட்டத்திலும் அத்தகைய தாமதக் குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தடுப்பூசிக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதல். டெங்வாக்சியா என்ற டெங்குத் தடுப்பூசி குரங்குகளில் ஆன்டிபாடியை எழுப்பி வைரஸையும் குறைத்தது. ஆனால் முன்பு டெங்கு வராதவர்களுக்கு, தடுப்பூசிக்குப் பிந்தைய தொற்றில் கடும் நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகே, 2017இல் வெளிப்பட்டது. நோயே வெளிப்படாத விலங்கில் நோய் கடுமையாவதை எதிர்பார்க்க இயலாது.

அறிக்கை எழுத, விலங்கு ஆய்வுகளை வெளியிடுவதற்கான அரைவ் 2.0 வழிகாட்டியைப் பயன்படுத்துங்கள். அதைக் கடைசியில் திறக்காமல், ஐந்தாம் படியிலேயே அச்சிட்டு வைத்துக்கொண்டால் குலுக்கல், மறைகுறியீடு, விலக்கிய எலிகள் ஆகியவற்றின் பதிவுகள் தவறாது. எலி வம்சத்தின் முழுப்பெயர், வயது, பாலினம், வைரஸின் பெயரும் அது கடத்தப்பட்ட உயிரணு வரலாறும், செலுத்திய அளவும், மீந்த திரவத்தில் திரும்ப அளந்த அளவும் எழுதப்பட வேண்டும். பலன் தராத சோதனையையும் இதே விவரங்களோடு வெளியிடுங்கள்; அது இல்லாவிட்டால் வேறொரு கூடத்தில் அதே சேர்மத்துக்காக மறுபடியும் எலிகள் பயன்படுத்தப்படும்.